குடுமி வைத்த ஆரஞ்சு

டெகோபோன் ஜப்பானில் உருவான ஒரு கலப்பின ஆரஞ்சு. காம்பை ஒட்டிய பகுதி மேல்நோக்கிப் புடைத்து, குடுமி முடிந்த தலைபோல் இருக்கும். பழம் பெரியது, சாதாரணமாக 200 முதல் 300 கிராம் வரை எடை வரும், அதைத் தாண்டுவதும் உண்டு. தோல் தடிப்பு, மேற்பரப்பு சொரசொரப்பு, வடிவமோ பழத்துக்குப் பழம் வேறு. கடையில் அடுக்கி வைத்தால் முதலில் ஒதுக்கப்படும் தோற்றம்தான். ஆனால் குடுமியைப் பிடித்து இழுத்தால் தோல் கையோடு வந்துவிடுகிறது. சுளைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளாமல் பிரிகின்றன. சுளையை மூடிய சவ்வு மிக மெல்லியது என்பதால் மென்ற பிறகு துப்ப எதுவும் மிஞ்சுவதில்லை. விதை பெரும்பாலும் இராது. கமலாவை உரிக்கும் சுலபமும் சாத்துக்குடி இனத்தின் சாறும் மணமும் ஒரே பழத்தில் சேர்ந்திருப்பது அரிது. அந்தச் சேர்க்கைதான் டெகோபோனின் பெருமை.

இதன் வரலாற்றில் ஒரு வேடிக்கை உண்டு. இதை உருவாக்கிய ஆராய்ச்சி நிலையமே இது தேறாது என்று ஒதுக்கிவிட்டது. பழத்தின் அருமையைக் கண்டுகொண்டவர்கள் வேறோர் ஊர் விவசாயிகள். இரண்டு மரங்களைக் கலப்பது ஒரு நாள் வேலை. கிடைத்த பழம் என்ன பழம் என்று அறியப் பல ஆண்டுகள் பிடிக்கின்றன. அது ஏன் என்று விளங்க, நாரத்தைக் குடும்பத்தின் போக்கைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

சிட்ரஸ் என்று தாவரவியல் சொல்லும் நாரத்தைக் குடும்பத்தில் கலப்பில்லாத பழத்தைத் தேடுவதுதான் கடினம். 2018-இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு ஒன்று 60 மரங்களின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டு, இந்தக் குடும்பத்தின் தாயகம் இமயமலையின் தென்கிழக்கு அடிவாரம் என்ற முடிவுக்கு வந்தது. அசாம், மியன்மாரின் வடபகுதி, சீனத்தின் மேற்கு யுனான் ஆகியவை சேரும் நிலப்பரப்பு அது. அங்கிருந்து பரவிய காட்டினங்களில் மூன்றுதான் இன்றைய சந்தைப் பழங்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்னோர்: பம்பளிமாஸ், கமலா வகையான மாண்டரின், தோல் கனத்துச் சாறு குறைந்த சிட்ரான். பம்பளிமாஸும் மாண்டரினும் பல தலைமுறை கலந்து வந்ததே இனிப்பு ஆரஞ்சு. தமிழ்நாட்டுப் பழச்சாறுக் கடைகளில் பிழியப்படும் சாத்துக்குடியும் அந்த இனிப்பு ஆரஞ்சு இனத்தைச் சேர்ந்ததுதான். புளிப்பு ஆரஞ்சும் சிட்ரானும் சேர்ந்து மஞ்சள் நிற லெமன் பிறந்தது. இந்த இனங்கள் எல்லாம் ஒன்றோடொன்று தடையின்றிக் கருவுறக் கூடியவை. காட்டில் வெவ்வேறு இடங்களில் வளர்ந்தவை மனிதர்களின் தோட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் வந்து நின்றதும் மீதி வேலையைத் தேனீ பார்த்துக்கொண்டது.

அப்படித் தற்செயலாகப் பிறந்தவற்றில் இரண்டு உலகப் புகழ் பெற்றவை. கிரேப்ஃப்ரூட் கரீபியத் தீவான பார்படோஸில் பம்பளிமாஸும் இனிப்பு ஆரஞ்சும் கலந்து உண்டானது; அந்தத் தீவின் இயற்கை வரலாற்றை எழுதிய கிரிஃபித் ஹியூஸ் 1750-இலேயே அதைக் குறிப்பிட்டிருக்கிறார். க்ளெமென்டைன் அல்ஜீரியாவில் ஓரான் நகருக்கு அருகே மிசெர்கின் என்ற ஊரின் அநாதை இல்லத் தோட்டத்தில் கிடைத்தது. தோட்டத்தைக் கவனித்துவந்த துறவி க்ளெமான் பெயரையே 1902-இல் தாவரவியலாளர் லூயி திராபு அதற்குச் சூட்டினார். இரண்டு பழங்களையும் யாரும் திட்டமிட்டு உருவாக்கவில்லை. விதைக்கன்றுகளுக்கு நடுவே ஒன்று மட்டும் வேறு மாதிரி காய்த்ததை யாரோ ஒருவர் கவனித்தார், அவ்வளவே.

திட்டமிட்ட கலப்பு 1890-களில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் வால்டர் ஸ்விங்கிள், ஹெர்பர்ட் வெப்பர் என்ற இரு விஞ்ஞானிகளால் தொடங்கியது. 1894-95 குளிர்காலத்தில் கடும் உறைபனி விழுந்து அந்த மாநிலத்தின் ஆரஞ்சுத் தோட்டங்கள் கருகியபின், குளிர் தாங்கும் ஆரஞ்சு வேண்டும் என்ற தேவை இந்த வேலைக்கு வேகம் கொடுத்தது. அவர்கள் கையாண்ட முறை இன்றும் பெரிதாக மாறவில்லை. இதழ்கள் வெளுத்துப் பருத்து, அடுத்த நாள் விரியும் என்ற நிலையில் உள்ள மொட்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சிறு இடுக்கியால் இதழ்களைப் பிய்த்து, மகரந்தப் பைகள் வெடிப்பதற்குள் அவற்றை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுக்கிறார்கள். எஞ்சி நிற்பது ஒட்டும் பசையோடு கூடிய சூல்முடி மட்டும். தந்தை மரத்திலிருந்து முன்பே சேகரித்த மஞ்சள் மகரந்தத்தை அதன்மேல் தடவி, வேறு மகரந்தம் வராமல் காகிதப் பையால் மூடி, எந்த மரத்தோடு எந்த மரம் என்று எழுதிய சீட்டைக் கட்டிவிடுகிறார்கள். பழம் முற்றப் பல மாதங்கள் ஆகும். விதைகளைக் காயவிட்டால் முளைப்புத் திறன் கெட்டுவிடும் என்பதால் ஈரம் உலராமல் விதைக்க வேண்டும்.

சிக்கல் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. நாரத்தைக் குடும்பத்தின் பல வகைகளில் ஒரே விதையை விதைத்தால் இரண்டு, மூன்று முளைகள் கிளம்புவதைப் பார்க்கலாம். அவற்றில் ஒன்றுதான் மகரந்தத்தால் உண்டான கரு. மற்றவை சூலைச் சுற்றியுள்ள தாய்த் திசுவிலிருந்து நேராக வளர்ந்தவை. தந்தைக்கு அவற்றில் பங்கே கிடையாது, தாயின் அச்சு அசல் நகல்கள். இந்த நகல்கள் வீரியமாக வளர்ந்து, கலப்புக் கருவை விதைக்குள்ளேயே நெருக்கிக் கொன்றுவிடுவதும் சகஜம். எலுமிச்சையையும் சில ஆரஞ்சுகளையும் விதை போட்டே தாய் மரத்தின் குணம் மாறாமல் வளர்க்க முடிவது இதனால்தான். தோட்டக்காரருக்கு இது வரம். புதிய வகை தேடும் ஆராய்ச்சியாளருக்கோ நூறு விதை விதைத்தாலும் நூறும் தாயாகவே முளைக்கும் அபாயம். ஸ்விங்கிள் காலத்தில் ஒரு குறுக்கு வழி இருந்தது. மூவிலை ஆரஞ்சு என்ற முட்செடியின் இலை மூன்று சிற்றிலைகளாகப் பிரிந்தது. இந்தக் குணம் ஓங்கு பண்பு. எனவே அதைத் தந்தையாக வைத்தால், நாற்றங்காலில் மூவிலையோடு நிற்பவை கலப்புக் கன்றுகள், ஒற்றை இலையோடு நிற்பவை தாயின் நகல்கள் என்று கண்ணாலேயே பிரித்துவிடலாம். இரு பெற்றோருக்கும் ஒரே மாதிரி இலை இருந்தால் இந்த வழி பயன்படாது. அவற்றுக்கு மரபணுச் சோதனை பிற்காலத்தில்தான் வந்தது.

கலப்புக் கன்று தப்பித்தாலும் அதன் பழத்தைப் பார்க்கக் காத்திருக்க வேண்டும். விதையிலிருந்து வந்த நாரத்தைக் குடும்பத்துக் கன்றுக்கு நீண்ட இளமைப் பருவம் உண்டு. நீளமான முட்களோடு நெட்டுக்கு வளரும், பூக்காது. ஐந்து ஆண்டுகள் என்பது குறைந்தபட்சம், பத்தைத் தாண்டுவதும் உண்டு. முற்றிய மரத்தில் ஒட்டுக் கட்டினால் இந்தக் காலத்தைச் சற்றுச் சுருக்கலாம். பூத்துக் காய்த்த பிறகும் முதல் சில ஆண்டுப் பழங்களை வைத்து முடிவு செய்ய முடியாது. இளம் மரத்தின் பழத்துக்குத் தோல் தடித்துச் சாறு குறைந்திருக்கும். ஆக ஒரு கலப்பின் பலனை அறிய ஓர் ஆராய்ச்சியாளரின் பணிக்காலத்தில் பாதி போய்விடுகிறது.

டெகோபோனின் தாயான கியோமி இதற்கு நல்ல உதாரணம். ஜப்பானின் ஷிசுவோகா மாகாணத்தில் உள்ள ஒகிட்சு ஆராய்ச்சி நிலையத்தில் 1949-இல் அதற்கான கலப்பு நடந்தது. வெளியிடப்பட்டது 1979-இல், இடையே 30 ஆண்டுகள். கியோமியின் தாய் மியாகாவா என்ற சட்சுமா வகை. சட்சுமா என்பது ஜப்பானியர் குளிர்காலம் முழுவதும் கூடை கூடையாகத் தின்று தீர்க்கும் விதையில்லாக் கமலா. ஃபுகுவோகா மாகாணத்தில் ஒரு மரத்தின் ஒரே ஒரு கிளையில் மட்டும் முன்கூட்டியே பழுத்த காய்கள் தோன்ற, அந்தக் கிளையிலிருந்து பெருக்கப்பட்டது மியாகாவா. கியோமியின் தந்தை டிரோவிட்டா என்ற இனிப்பு ஆரஞ்சு. கலிஃபோர்னியாவின் ரிவர்சைட் ஆராய்ச்சி நிலையத்தில் வாஷிங்டன் நேவல் ஆரஞ்சின் விதையிலிருந்து வந்தது. அந்த நேவலின் பூர்வீகம் பிரேசிலின் பாஹியா. அங்கிருந்து 1870-இல் வாஷிங்டனுக்கு வந்த கன்றுகளிலிருந்து பெருக்கியவற்றில் சில, 1873-இல் எலைசா டிபெட்ஸ் என்ற பெண்மணிக்கு ரிவர்சைடில் நட அனுப்பப்பட்டன. கலிஃபோர்னிய ஆரஞ்சுத் தொழிலே அவற்றிலிருந்து கிளைத்தது என்று சொல்வது மிகையாகாது. அவற்றில் ஒரு மரம் வேலி போட்டுப் பாதுகாக்கப்பட்டு இன்றும் ரிவர்சைடில் நிற்கிறது. அட்லாண்டிக் கரையில் தொடங்கி அமெரிக்கக் கண்டத்தைக் கடந்து பசிபிக்கையும் தாண்டி வந்த இந்த வம்சாவளி, ஒகிட்சுவில் ஒரு சட்சுமாப் பூவின் சூல்முடியில் வந்து சேர்ந்தது.

கியோமி நல்ல பழம். சாறு மிகுதி, மணமும் தேர்ந்தது. தோல் மட்டும் எளிதில் உரியாது, கத்தி வேண்டும். ஆனால் ஆராய்ச்சியாளர்கள் அதைக் கொண்டாடியதற்கு வேறு காரணம் இருந்தது. கியோமியின் விதைக்குள் ஒரே ஒரு கருதான் உண்டு, நகல் முளைகள் கிடையாது. அதைத் தாயாக வைத்துக் கலந்தால் கிடைக்கும் ஒவ்வொரு கன்றும் உண்மையான கலப்பு. அதோடு, சட்சுமாவிடமிருந்து வந்த குணத்தால் கியோமியின் பூவில் நல்ல மகரந்தம் உண்டாவதில்லை. தன் மகரந்தத்தால் தானே கருவுறும் கவலையும் இல்லை. பல பத்தாண்டுகளாக இந்தத் துறையை இழுத்தடித்த தடை ஜப்பானுக்கு இப்படி விலகியது. பின்னாளில் வந்த ஜப்பானியக் கலப்பு ஆரஞ்சுகள் பலவற்றின் வம்சாவளியில் கியோமியின் பெயர் இருப்பது இதனால்தான்.

1972-இல் நாகசாகி மாகாணத்தின் குசினோட்சு கிளை நிலையத்தில் கியோமிப் பூவில் பொன்கான் மகரந்தம் தடவப்பட்டது. பொன்கான் ஆசியா முழுவதும் பரவிய பழைய கமலா வகை. இந்தியாவின் நாகபுரி ஆரஞ்சு அதற்கு மிக நெருங்கிய உறவு என்பது சிட்ரஸ் அறிஞர்கள் பலரின் கருத்து. தோல் தளர்ந்து உரிப்பதற்கு எளிதாக இருப்பது அதன் சிறப்பு. கியோமியிடம் இல்லாதது அது ஒன்றுதான் என்பதால் தேர்வு பொருத்தமானது. அந்த ஆண்டு ஜப்பானில் சட்சுமா விளைச்சல் மிதமிஞ்சி விலை அடிமட்டத்துக்குப் போயிருந்தது. மலைச்சரிவெல்லாம் ஒரே வகையை நட்டதன் விளைவு அது. மாற்றுப் பழம் வேண்டும் என்ற அவசரம் நிலையத்துக்கும் இருந்தது, விவசாயிகளுக்கும் இருந்தது.

கலப்பில் வந்த கன்று காய்த்தபோது நிலையத்தார் மகிழவில்லை. காம்புப் பக்கம் புடைப்பு. அதுவும் ஒரே மரத்தில் சில பழங்களுக்கு இருக்கும், சிலவற்றுக்கு இராது. சட்சுமாவின் வழவழப்பான, அளவெடுத்த உருண்டையைப் பார்த்துப் பழகிய சந்தையில் இது விலைபோகாது என்று தோன்றியது நியாயம்தான். பறித்த உடன் சாப்பிட்டால் புளிப்பும் தூக்கலாக இருந்தது. எனவே அரசின் புதிய வகைப் பதிவேட்டில் அதைச் சேர்க்கவில்லை. இப்படி ஒதுக்கப்பட்ட கன்றுகள் உலக ஆராய்ச்சி நிலையங்களில் ஆயிரக்கணக்கில் இருக்கும். அவற்றில் எத்தனை நல்ல பழங்கள் வெட்டி விறகாயின என்பதை யாராலும் சொல்ல முடியாது.

இந்த வகையின் ஒட்டுக்குச்சிகள் எப்படியோ கடலுக்கு அக்கரையில் உள்ள குமாமோட்டோ மாகாணத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே ஷிரானுயி என்ற ஊர் விவசாயிகள் அவற்றைத் தங்கள் தோட்டங்களில் ஒட்டுக் கட்டி வளர்த்தார்கள். பறித்த பழத்தைக் கிடங்கில் சில வாரங்கள் வைத்திருந்து தின்று பார்த்தபோதுதான் விஷயம் வெளிப்பட்டது: புளிப்பு இறங்கி, உள்ளே இருந்த இனிப்பு எழுந்து வந்திருந்தது.

இதன் பின்னால் உள்ள அறிவியல் எளிமையானது, ஆனால் பலர் அறியாதது. மாம்பழமும் வாழையும் பறித்த பிறகு பழுக்கக் கூடியவை. காயில் சேர்த்து வைத்த மாவுச்சத்து வைக்கோலில் இருக்கும்போதே சர்க்கரையாக மாறுகிறது. ஆரஞ்சில் அப்படி மாவுச்சத்துச் சேமிப்பு இல்லை. மரத்தில் இருக்கும்போது எவ்வளவு சர்க்கரை ஏறியதோ அவ்வளவுதான். பறித்த பின்னும் பழம் மூச்சு விடுகிறது. அதற்குச் சாற்றுப் பைகளில் உள்ள சிட்ரிக் அமிலத்தை மெல்ல மெல்லச் செலவழிக்கிறது. சர்க்கரை ஏறக்குறைய அப்படியே இருக்க, அமிலம் மட்டும் குறைகிறது. நாக்குக்குத் தெரிவது தனித்தனி அளவுகள் அல்ல, இரண்டுக்கும் உள்ள விகிதம். எலுமிச்சைச் சாற்றிலும் சர்க்கரை உண்டு. 5 முதல் 6 விழுக்காடு வரை உள்ள அமிலம் அதை மறைத்துவிடுகிறது. டெகோபோனில் சர்க்கரை முதலிலிருந்தே அதிகம், அதை மூடியிருந்த அமிலமும் அதிகம். நிலையத்தார் பறித்த நாளில் ருசித்தார்கள். ஷிரானுயி விவசாயிகள் பொறுத்திருந்து ருசித்தார்கள்.

1991 மார்ச் 1 அன்று இந்தப் பழம் முதன்முதலாக டோக்கியோ சந்தைக்கு அனுப்பப்பட்டது. காலம் கச்சிதமாக அமைந்தது. அடுத்த மாதம், 1991 ஏப்ரலில், ஆரஞ்சு இறக்குமதிக்கு இருந்த அளவுக் கட்டுப்பாட்டை ஜப்பான் நீக்கியது. மலிவான அமெரிக்க ஆரஞ்சு வந்து குவியப்போகிறது என்று நாட்டு விவசாயிகள் கலங்கியிருந்த நேரத்தில், அமெரிக்காவில் இல்லாத ஒரு பழம் கையில் இருந்தது. டெகோபோன் என்ற பெயரைக் குமாமோட்டோவின் பழ விவசாயக் கூட்டுறவுக் கூட்டமைப்பு 1993-இல் வணிகக் குறியாகப் பதிவு செய்தது. புடைப்பு என்ற பொருளுள்ள ஜப்பானியச் சொல்லோடு தந்தையான பொன்கானின் முன்பாதியைச் சேர்த்த பெயர் அது. எந்தக் குறையைச் சொல்லிப் பழத்தைத் தள்ளினார்களோ அதையே பெயரில் வைத்தது வியாபார சாமர்த்தியம். வகையின் பொதுப்பெயராக ஊரின் பெயரான ஷிரானுயியே நிலைத்தது.

டெகோபோன் என்ற பெயருக்கு ஒரு கண்டிப்பான விதியும் உண்டு. சாற்றின் இனிப்பு 13 பிரிக்ஸுக்குக் குறையக் கூடாது, அமிலம் 1 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. பிரிக்ஸ் என்பது 100 கிராம் சாற்றில் கரைந்துள்ள பொருள் எத்தனை கிராம் என்ற கணக்கு. பழச்சாற்றில் அதில் பெரும்பங்கு சர்க்கரை. ஒளிவிலகல்மானியின் கண்ணாடியில் இரண்டு சொட்டுச் சாறு விட்டு, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துப் பார்த்தால் நிழல் விழும் கோட்டில் எண் தெரியும். சாறு அடர்த்தியானால் ஒளி அதிகம் வளையும் என்பதே அதன் தத்துவம். இன்று ஜப்பானின் பெரிய சிப்பமிடும் நிலையங்களில் பழத்தை அறுக்கவே வேண்டியதில்லை. பட்டையில் ஓடிவரும் ஒவ்வொரு பழத்தின் ஊடாகவும் அகச்சிவப்பை ஒட்டிய ஒளியைச் செலுத்தி, மறுபக்கம் வருவதை அளந்து இனிப்பைக் கணிக்கிறார்கள். அளவு எட்டாத பழத்தை ஷிரானுயி என்ற பெயரில் விற்கலாம், டெகோபோன் என்று விற்க முடியாது. ஒரே மரத்தின் இரண்டு பழங்கள் இரண்டு பெயரில் சந்தைக்குப் போவதும் நடக்கும்.

உலகில் எங்கே டெகோபோன் மரம் நின்றாலும் அது ஒரே கன்றின் கிளைதான். விதை போட்டால் குணம் மாறும் என்பதால் ஒட்டுக் கட்டியே பெருக்குகிறார்கள். ஜப்பானில் வேர்ச்செடியாகப் பெரும்பாலும் மூவிலை ஆரஞ்சையே வைக்கிறார்கள்; மரம் கைக்கெட்டும் உயரத்தில் நிற்கும், குளிரும் தாங்கும். கொரியாவின் ஜெஜூ தீவுக்குப் போன வகைக்கு அந்தத் தீவின் நடுவே நிற்கும் ஹல்லா மலையின் பெயரால் ஹல்லாபோங் என்று பெயர் வந்தது. பிரேசிலில் அதற்கு கின்செய் என்று பெயர்.

கலிஃபோர்னியாவுக்கு ஒட்டுக்குச்சி போனது 1998-இல். வெளிநாட்டு நாரத்தைக் கன்றை அமெரிக்காவில் நேராக நட்டுவிட முடியாது, வைரஸ் நோய் இல்லை என்று உறுதியாக வேண்டும். அதற்கு 1970-களில் வகுக்கப்பட்ட ஒரு நுட்பம் உண்டு. தளிரின் நுனியில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு அளவுள்ள துணுக்கை நுண்ணோக்கியின் கீழ் வெட்டி எடுத்து, சோதனைக் குழாயில் முளைத்த நாற்றின்மேல் ஒட்டுகிறார்கள். அந்த நுனிக்குள் வைரஸ் பெரும்பாலும் எட்டியிருக்காது என்பதால் அதிலிருந்து வளரும் செடி சுத்தமானது. இப்படிப்பட்ட சோதனைகளைக் கடந்து, தோட்டம் போட்டு, 2011-இல் அமெரிக்கக் கடைகளுக்குப் பழம் வந்தபோது சுமோ என்று பெயரிட்டிருந்தார்கள். மல்லர்களின் உச்சிமுடிச்சை நினைவூட்டும் பெயர்.

இதன் பருவம் குளிர்காலமும் அதன் பின்பாதியும். ஜப்பானில் சூடேற்றிய கண்ணாடி வீட்டுப் பழம் டிசம்பரிலேயே வரும். திறந்த வெளியில் விளைந்து கிடங்கில் புளிப்பு இறங்கியவை மார்ச், ஏப்ரலில். பறிக்கும்போது காம்பை இரண்டு முறை வெட்டுகிறார்கள். முதல் வெட்டு கிளையிலிருந்து பிரிக்க, இரண்டாவது பழத்தின் தோளோடு தோளாக ஒட்ட நறுக்க. நீட்டிக்கொண்டிருக்கும் காம்பு பக்கத்துப் பழத்தின் தோலைக் குத்தினால் அந்த இடம் அழுகிவிடும். வாங்குபவர் தோற்றத்தைப் பார்க்க வேண்டியதில்லை. குடுமி பெரிதா சிறிதா என்பது ருசியை மாற்றாது, தோல் சற்றுச் சுருங்கியிருப்பதும் கெட்ட அறிகுறி ஆகாது. கையில் எடுத்தால் உருவத்துக்கு மேல் கனக்க வேண்டும், அது ஒன்றே கணக்கு. உரிக்கும்போது தோலில் உள்ள எண்ணெய்ச் சுரப்பிகள் உடைந்து சிதறும் மணத்தில் பெரும்பகுதி லிமோனின் என்ற பொருள். அது எல்லா ஆரஞ்சுக்கும் பொது. அதோடு கலந்த சிறு அளவு மணப்பொருள்கள்தான் ஒரு வகையை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டுகின்றன. நிறத்தை வைத்து இனிப்பை எடைபோடுவதும் தவறு. குளிர்ந்த இரவுகள் வந்தால்தான் தோலின் பச்சையம் சிதைந்து ஆரஞ்சு நிறம் வெளிப்படும். வெப்ப நாட்டுச் சமவெளியில் விளையும் சாத்துக்குடி முற்றிய பின்னும் பச்சையாக இருப்பது அதனால்தான்.

அதே வகைப் பெற்றோரைக் கொண்டு மறுபடி கலந்தாலும் டெகோபோன் கிடைக்காது. கியோமியையும் வேறொரு பொன்கான் மரத்தையும் 1979-இல் ஒகிட்சுவில் கலந்ததில் வந்தது ஹருமி. அதற்குக் குடுமி இல்லை, பழம் சிறியது, உரிப்பது இன்னும் சுலபம். கியோமிக்கும் என்கோர் என்ற மாண்டரினுக்கும் பிறந்த கன்றை மர்காட் என்ற வகையோடு 1984-இல் சேர்த்து குசினோட்சுவில் உருவாக்கியது செதோகா, பதிவானது 2001-இல். வழவழப்பான மெல்லிய தோலும் நெஞ்சை நிறைக்கும் மணமும் கொண்ட செதோகா, பார்வைக்கும் நாவுக்கும் ஒருசேரத் தேறியது.

இந்தியர்களுக்கு இந்த வரிசையில் நன்கு பழக்கமானது கின்னோ. ரிவர்சைடில் ஹோவர்ட் ஃப்ராஸ்ட் 1915-இல் கிங், வில்லோ லீஃப் என்ற இரு மாண்டரின்களைக் கலந்து உருவாக்கி, 1935-இல் வெளியிட்ட வகை அது. பிறந்த ஊரில் பெரிதாக எடுபடவில்லை. பஞ்சாபின் குளிரும் வெயிலும் ஒத்துப்போக, இன்று இந்தியப் பஞ்சாபிலும் பாகிஸ்தான் பஞ்சாபிலும் முதன்மை ஆரஞ்சு அதுதான். குளிர்காலத்தில் தமிழ்நாட்டுத் தள்ளுவண்டிகள் வரை வருகிறது. சாறு தாராளம், விதையும் தாராளம். விதையை ஒழிக்க ஒரு வழியை ரிவர்சைடின் ராபர்ட் சூஸ்டும் ஜேம்ஸ் கேமரனும் கையாண்டார்கள். புளிப்பே இல்லாத ஒரு பம்பளிமாஸோடு, இரட்டிப்புக் குரோமோசோம் தொகுதி கொண்ட கிரேப்ஃப்ரூட்டை 1958-இல் கலந்தார்கள். பிறந்த கன்றுக்கு மூன்று தொகுதிகள். அவை இணை சேரும்போது ஒன்று தனித்து நிற்பதால் விதை உருவாவதில்லை. 1980-இல் ஓரோப்ளாங்கோ என்று வெளிவந்த அந்தப் பழத்தை இஸ்ரேல் ஸ்வீட்டி என்று விற்கிறது. கிரேப்ஃப்ரூட்டின் கசப்பால் முகம் சுளிப்பவர்களும் அதைத் தின்பார்கள். ஆனால் பம்பளிமாஸ், கிரேப்ஃப்ரூட் வழிவந்த கலப்புகளில் ஃப்யூரனோகூமரின் என்ற பொருள்கள் இருக்கக்கூடும். சில இரத்த அழுத்த, கொழுப்புக் குறைப்பு மருந்துகளைச் சிதைக்கும் நொதியைக் குடலில் இவை முடக்கி, இரத்தத்தில் மருந்தின் அளவை ஏற்றிவிடும். அத்தகைய மருந்து சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

புதிய கலப்புகளைத் தேடும் வேலை இப்போது ருசியைவிட நோயை முன்வைத்து நடக்கிறது. பச்சையாதல் என்று அழைக்கப்படும் பாக்டீரியா நோய், சைலிட் என்னும் மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளச் சாறுறிஞ்சிப் பூச்சியால் மரத்துக்கு மரம் பரவுகிறது. இலையில் தயாராகும் சர்க்கரையைக் கீழே கொண்டுசெல்லும் குழாய்த் திசு அடைபட்டு, பழம் கோணலாகிப் பழுக்காமலே உதிர்ந்து, சில ஆண்டுகளில் மரம் சாகிறது. பழனி மலைச்சரிவுகளில் பெயர்பெற்றிருந்த கமலாத் தோட்டங்கள் நலிந்ததில் இதற்கும் பங்குண்டு. ஃபுளோரிடாவில் 2003-04 பருவத்தில் 24 கோடிப் பெட்டிக்கு மேல் விளைந்த ஆரஞ்சு, 2005-இல் இந்த நோய் அங்கே கண்டறியப்பட்ட பின் ஆண்டுக்காண்டு சரிந்தது. சூறாவளிகளும் சேர்ந்துகொள்ள, 2022-23-இல் 1.6 கோடிப் பெட்டி அளவுக்கு வந்துவிட்டது. அதே மாநிலப் பல்கலைக்கழகம் க்ளெமென்டைனையும் மினியோலா என்ற வகையையும் கலந்து 2009-இல் வெளியிட்ட சுகர் பெல் என்ற வகை, நோய் தொற்றிய பின்னும் அடைபட்ட குழாய்த் திசுவுக்குப் பதில் புதிய திசுவை வளர்த்துக்கொண்டு தொடர்ந்து காய்ப்பது கவனிக்கப்பட்டது. வெளியிட்டபோது அதை நல்ல ருசியுள்ள ஒரு மாண்டரினாகத்தான் கருதினார்கள். இப்போது நோய் தாங்கும் புதிய வகைகளுக்கான கலப்புகளில் அதைப் பெற்றோராக வைக்கிறார்கள்.